செனான் எழுதவைத்த கணக்கு

1944 செப்டம்பர் 27, புதன்கிழமை. நள்ளிரவு கடந்து சற்று நேரத்தில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில், ஹான்ஃபோர்டின் 'பி' உலை சூடேறத் தொடங்கியது. மலைபோல அடுக்கிய கிராஃபைட் கட்டிகள்; அவற்றை ஊடுருவிச் செல்லும் 2,004 அலுமினியக் குழாய்கள்; குழாய்களுக்குள் யுரேனியத் துண்டுகள், அவற்றைக் குளிர்விக்கப் பாயும் ஆற்று நீர். அணுகுண்டுக்குப் புளுட்டோனியம் தயாரிப்பது ஒன்றே அதன் வேலை. இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி 'ஃபார்மர்' என்ற புனைபெயரோடு அங்கே வந்திருந்தார். உலையைக் கட்டிய டூபாண்ட் நிறுவனத்தின் பெரிய தலைகளும் வந்திருந்தன.

உலை 250 மெகாவாட்டுக்காகக் கட்டப்பட்டது. முதல் இரவில் 9 மெகாவாட் வரை ஏற்றிப் பார்த்தார்கள். ஏறியது, நின்றது, எல்லோர் முகத்திலும் நிம்மதி. சில மணிநேரம் போனதும் சக்தி தானாகக் குறைய ஆரம்பித்தது. இயக்குபவர்கள் கட்டுப்பாட்டுத் தண்டுகளைக் கொஞ்சம் வெளியே இழுத்தார்கள், சரியானது. மறுபடி குறைந்தது, மறுபடி இழுத்தார்கள். இழுக்கத் தண்டு இல்லாத நிலை வந்தது. அன்று மாலைக்குள் உலை படுத்துவிட்டது. எங்கும் உடைப்பு இல்லை, கசிவு இல்லை, எச்சரிக்கை மணி அடிக்கவில்லை.

காரணம் தேடி ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். குழாயிலிருந்து தண்ணீர் கசிந்து கிராஃபைட்டை நனைத்துவிட்டதோ? ஆற்று நீரில் இருந்த போரான் குழாய்ச் சுவரில் படிந்து நியூட்ரான்களை விழுங்குகிறதோ? இவை உண்மையென்றால் உலை படுத்தது படுத்ததுதான். ஆனால் மறுநாள் விடிவதற்குள் அது யாரும் தொடாமல் உயிர்பெற்றது. பழைய சக்திக்கு ஏற்றினார்கள். சில மணிநேரத்தில் பழையபடி மங்கியது.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கடிகாரத்தை வைத்துப் படித்தவர் ஜான் வீலர் என்ற இயற்பியலாளர். உலையில் பிறக்கும் பிளவுப் பொருட்களில் ஏதாவது ஒன்று நியூட்ரானைத் தின்னக்கூடும் என்ற கவலை அவருக்கு முன்பே இருந்தது. யுரேனியம் அணு பிளக்கும்போது பெரும்பாலும் இரண்டு துண்டாகும். துண்டுகள் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. துத்தநாகம் முதல் லாந்தனைடுகள் வரை பல தனிமங்களின் நூற்றுக்கணக்கான ஐசோடோப்புகள் அந்தக் குப்பையில் கிடக்கும். அதில் ஒருவன் திருடன் என்றால், எவன்?

வீலரின் வாதம் துப்பறியும் கதைக்குரியது. விஷம் பிளவிலிருந்து நேராகப் பிறந்திருந்தால், சக்தி ஏறிய கையோடு உலை தள்ளாடியிருக்க வேண்டும். சில மணிநேரம் பிடித்தது என்றால், முதலில் பிறப்பது ஒரு தாய் அணு. அது மெதுவாகச் சிதைந்து சேயாக மாறுகிறது. அந்தச் சேய்தான் விஷம். உலை தானாக மீண்டதால் சேயும் நிலையானதில்லை; அதுவும் மணிக்கணக்கில் அழிகிறது. மீள்வதற்கு எடுத்த நேரத்தைப் பார்த்தால் சேயின் அரை ஆயுள் தாயினுடையதைவிட நீளம். தெரிந்த ஐசோடோப்புகளின் பட்டியலை இந்த அடையாளங்களோடு பார்த்தபோது பொருந்தியது ஒரு ஜோடிதான். தாய் அயோடின்-135, அரை ஆயுள் ஆறரை மணிநேரத்துக்குச் சற்று மேல். சேய் செனான்-135, அரை ஆயுள் ஒன்பது மணிநேரத்துக்குச் சற்று மேல்.

பெர்க்கிலியில் சியென்-ஷியுங் வூ என்ற சீன இயற்பியலாளர் யுரேனியப் பிளவில் பிறக்கும் செனானை ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார். அதைப் பற்றி அவர் எழுதி அச்சுக்குப் போகாத கட்டுரையின் பிரதி ஹான்ஃபோர்டு குழுவின் கைக்குப் போனது. சிகாகோவுக்கு அருகே ஆர்கானில் வால்டர் ஜின் தன் கனநீர் உலையை முழுச் சக்தியில் நீண்ட நேரம் ஓட்டிப் பார்த்தார். அங்கேயும் அதே மயக்கம் தெரிந்தது. ஓக் ரிட்ஜ் உலை கிட்டத்தட்ட ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தும் யாரும் இதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதன் சக்தி அவ்வளவு குறைவு.

செனான்-135 எவ்வளவு பெரிய தீனிக்காரன் என்பது எண்ணில் சொன்னால்தான் உறைக்கும். வேகம் தணிந்த நியூட்ரானைப் பிடிக்கும் திறனை 'பார்ன்' என்ற அலகில் அளப்பார்கள். எரிபொருளான யுரேனியம்-235-க்கு அது 700-க்குக் கீழே. உலையை அணைக்கப் பயன்படும் காட்மியத்தில், வேலையைச் செய்யும் ஐசோடோப்புக்குச் சுமார் 20,000. செனான்-135-க்கு 26 லட்சத்துக்கு மேல். உலைக்குள் சில கிராம் சேர்ந்தாலே போதும், தொடர்வினையின் கழுத்தைப் பிடித்துவிடும்.

உலையைக் காப்பாற்றியது ஒரு பொறியாளரின் அவநம்பிக்கை. விஞ்ஞானிகளின் கணக்குப்படி 1,500 குழாய்கள் போதும். அவை வட்டமாக அடுக்கியவை. சதுரக் கட்டியின் மூலைகள் சும்மா கிடந்தன. டூபாண்டின் ஜார்ஜ் கிரேவ்ஸ், மூலைகளிலும் துளைபோட்டு 504 குழாய்களைக் கூட்டச் சொன்னார். காசும் நேரமும் வீண் என்று இயற்பியலாளர்கள் முணுமுணுத்தார்கள். அந்த 504 இல்லாவிட்டால் உலையை இடித்துக் கட்ட வேண்டியிருந்திருக்கும். கூடுதல் குழாய்களைப் படிப்படியாக நிரப்பி, செனான் தின்றதுபோக மிச்சம் இருக்குமளவு நியூட்ரான் கொடுத்தார்கள். 1945 பிப்ரவரியில் ஹான்ஃபோர்டு முழுச் சக்திக்கு வந்தது. அங்கிருந்து போன புளுட்டோனியம் ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியின் மேல் வெடித்தது. இந்தக் கதையில் யாரும் கை தட்டாமல் கடக்க வேண்டிய இடம் இது.

உலைக்காரர்கள் 'பர்னப்' என்று சொல்லும் கணக்கு பிறந்தது 1944 செப்டம்பரின் அந்த வாரத்தில்தான் என்பது என் எண்ணம். அதன் பெயரைக் கேட்டால், எவ்வளவு எரிந்தது என்று பார்க்கும் கணக்குபோலத் தோன்றும். அதைப் பார்ப்பது எளிது: ஒரு கிராம் யுரேனியம் முழுக்கப் பிளந்தால் கிட்டத்தட்ட ஒரு மெகாவாட் வெப்பம் ஒரு நாள் முழுக்கக் கிடைக்கும். வெப்பத்தை அளந்து, எரிபொருளின் எடையால் வகுத்தால் முடிந்தது. டன்னுக்கு இத்தனை மெகாவாட்-நாள். கஷ்டம் எங்கே என்றால், விறகடுப்பில் சாம்பலை வழித்து வெளியே கொட்டிவிடலாம். அணு உலையில் சாம்பல் நெருப்புக்குள்ளேயே கிடந்து நெருப்பின் போக்கை மாற்றும். ஆகவே ஒவ்வொரு சாம்பல் துகளுக்கும் தனிக் கணக்கு வேண்டும்: எவ்வளவு பிறந்தது, எவ்வளவு தானாகச் சிதைந்தது, எவ்வளவு நியூட்ரான் பட்டு வேறொன்றானது.

செனானையே எடுத்துக்கொள்வோம். அதற்கு வரவு முக்கியமாக அயோடின் வழியாக. செலவு இரண்டு வாசலில்: ஒன்று, சிதைந்து சீசியம்-135 ஆவது, மற்றொன்று, நியூட்ரானை விழுங்கித் தொந்தரவில்லாத செனான்-136 ஆவது. உலை முழு வேகத்தில் ஓடும்போது இரண்டாவது வாசல் பெரிதாகத் திறந்திருக்கும். வரவும் செலவும் சமமாகி ஒரு நிலைக்கு வந்துவிடும். உலையைச் சட்டென்று நிறுத்தினால்? நியூட்ரான் இல்லை, இரண்டாவது வாசல் மூடிவிட்டது. ஆனால் அயோடின் கையிருப்பு அப்படியே இருக்கிறது, சிதைந்துகொண்டே செனானைப் பெற்றுத் தள்ளுகிறது. நிறுத்திய பிறகு பத்துப் பதினொரு மணிநேரம் வரை விஷம் கூடிக்கொண்டேபோய், அப்புறம்தான் இறங்கும். அந்த இடைவெளியில் பெரிய உலையைக் கிளப்ப முடியாமல் போகலாம்.

1986 ஏப்ரல் 26 அதிகாலை செர்னோபிலில் நடந்த விபரீதத்தில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. நள்ளிரவுக்குப் பின் சக்தி 30 மெகாவாட் அளவுக்குச் சரிந்தது, செனான் ஏறியது. அதை ஈடுகட்டி 200 மெகாவாட்டில் நிறுத்த, உள்ளே இருக்கவேண்டிய தண்டுகளையெல்லாம் வெளியே இழுத்தார்கள். உலையின் வடிவமைப்பில் வேறு பெரிய குறைகளும் இருந்தன. ஆனாலும் தண்டுகளை இழுக்கவைத்தது செனான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்குக்குத் தேவையான சூத்திரம் ஹான்ஃபோர்டுக்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி அலமாரியில் இருந்தது. ரேடியம் ஒன்றிலிருந்து ஒன்றாகச் சிதைந்துபோகும் குடும்பத்தை ரூதர்ஃபோர்டு சமன்பாடுகளாக எழுதினார். தாய், மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று எத்தனை தலைமுறை போனாலும் ஒவ்வொன்றும் எந்த நேரத்தில் எவ்வளவு இருக்கும் என்பதற்குப் பொதுத் தீர்வு கண்டவர் ஹாரி பேட்மன் என்ற ஆங்கிலக் கணிதவியலாளர். ஆண்டு 1910. அப்போது நியூட்ரான் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அணுப்பிளவை ஓட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் கண்டுபிடிக்க இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. உலைக்கு அந்தச் சூத்திரத்தை மாற்றியமைக்கப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. சிதைவின் வேகத்தோடு நியூட்ரான் தின்னும் வேகத்தையும் கூட்டிக்கொண்டால் போதும். பேட்மன் 1946-இல் இறந்தார்.

சூத்திரம் இருந்தால் போதாது, உள்ளே போட எண்கள் வேண்டும். எந்தத் துண்டு நூறு பிளவில் எத்தனை தடவை பிறக்கும், அரை ஆயுள் என்ன, எவ்வளவு தின்னும். போர்க்காலத்தில் இந்த வேலையைச் செய்த வேதியியலாளர்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. அவர்கள் தோண்டிய குப்பையில் ஒரு புதுத் தனிமமே கிடைத்தது. தனிம அட்டவணையில் 61-ஆம் கட்டம் காலியாகவே கிடந்தது. 1945-இல் ஓக் ரிட்ஜில் மாரின்ஸ்கி, கிளெண்டெனின், கோரியல் மூவரும் பிளவுப் பொருட்களிலிருந்து பிரித்தெடுத்த புரோமிதியம் அதை நிரப்பியது.

எண்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்துவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர் காத்தரின் வே. வீலரின் முதல் ஆராய்ச்சி மாணவி. உலை விஷங்களைப் பற்றிப் போர்க்காலத்தில் கணக்கிட்டவர். இயற்பியலாளர் யூஜின் விக்னரோடு சேர்ந்து 1948-இல் அவர் வெளியிட்ட வாய்பாடு, உலையை நிறுத்திய பிறகும் பிளவுப் பொருட்கள் எவ்வளவு வெப்பம் விட்டுக்கொண்டிருக்கும் என்று சொன்னது. நிறுத்திய நொடியில் ஆறேழு சதவீதம், ஒரு நாள் கழித்தும் அரைச் சதவீதம் அளவுக்கு. 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில் அரைச் சதவீதம் என்றால் 15 மெகாவாட். 2011-இல் ஃபுகுஷிமாவில் எரிபொருளை உருக்கியது இந்த மிச்ச வெப்பம்தான். அணுக்கருத் தரவுகளைத் திரட்டி எல்லோருக்கும் கிடைக்கச் செய்த திட்டத்தையும் வே தொடங்கிவைத்தார். வீலரைப் பற்றிப் பேசும் ஆயிரம் பேரில் வேயைச் சொல்பவர் ஒருவர் இருந்தால் அதிகம்.

போர் முடிந்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்ததும் கணக்கின் நோக்கம் மாறியது. குண்டுக்காரர்களுக்கு எரிபொருள் அதிகம் எரியக் கூடாது. எரிய எரியப் புளுட்டோனியம்-240 சேர்ந்து குண்டைக் கெடுக்கும். மின்சாரக்காரர்களுக்கோ ஒரு டன்னிலிருந்து எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவு லாபம். கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தில் இருப்பதுபோன்ற கனநீர் உலைகளில், இயற்கை யுரேனியத்தைக் கொண்டு டன்னுக்கு ஏறத்தாழ 7,000 மெகாவாட்-நாள் எடுக்கிறார்கள். செறிவூட்டிய யுரேனியம் பயன்படுத்தும் சாதாரண நீர் உலைகளில் இன்று 45,000, 50,000 சகஜம்.

கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? எரிந்த எரிபொருளையே கேட்க வேண்டும். குப்பையில் நூற்றுக்கணக்கான சாட்சிகள் இருக்கின்றன, நம்பத்தகுந்தவர்கள் குறைவு. செனான் வாயு, ஓடிவிடும். சீசியம் சூட்டில் நகர்ந்து எரிபொருளை அடைத்த மெல்லிய உலோகக் குழாயான 'பின்'னின் குளிர்ந்த பகுதிகளில் போய் ஒதுங்கும். சில சாட்சிகள் சீக்கிரம் செத்துப்போகும். சிலர் யுரேனியத்துக்கு ஒரு கதையும் புளுட்டோனியத்துக்கு வேறு கதையும் சொல்வார்கள். பழைய எரிபொருளில் கிடைக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, உள்ளேயே பிறந்த புளுட்டோனியத்திலிருந்து வருவதால் இது சின்ன விஷயமில்லை.

கடைசியில் தேறியவர் நியோடிமியம்-148. சிதையாது, நகராது, ஆவியாகாது, நியூட்ரானை அதிகம் தின்னாது. யுரேனியம்-235 பிளந்தாலும் புளுட்டோனியம்-239 பிளந்தாலும் நூற்றுக்கு ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவான அளவில்தான் பிறக்கும். சோதனை நடப்பது 'ஹாட் செல்' எனப்படும் கான்கிரீட் அறையில். ஒரு மீட்டர் தடிமனுள்ள ஈயக் கண்ணாடிக்கு இப்பால் நின்று, இயந்திரக் கைகளால் பின்னிலிருந்து ஒரு சிறு வில்லையை அறுப்பார்கள். நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, நியோடிமியத்தை மட்டும் பிரித்து, அளவு தெரிந்த நியோடிமியம்-150-ஐ அதில் கலந்து நிறை நிறமாலைமானியில் எண்ணுவார்கள். ஆரம்பத்தில் யுரேனியம் போன்ற கன அணுக்கள் ஒரு லட்சம் இருந்த இடத்தில் இப்போது 84 நியோடிமியம்-148 இருந்தால், 5,000 அணுக்கள் பிளந்திருக்கின்றன. நூற்றுக்கு ஐந்து. டன்னுக்கு 48,000 மெகாவாட்-நாள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு நியோடிமியம். நியோடிமியம்-142 பிளவில் பிறக்கவே பிறக்காது; அந்த வழியில் சீரியம்-142 நிலையாக உட்கார்ந்து பாதையை அடைத்துவிடுகிறது. மண்ணில் கிடைக்கும் நியோடிமியத்திலோ அது நூற்றுக்கு 27 பங்கு. ஆகவே சோதனையில் 142 தலைகாட்டினால், வெளியிலிருந்து அழுக்கு கலந்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு கலந்தது என்றும் தெரிந்துவிடும். பொய்ச்சாட்சியைக் காட்டிக்கொடுக்கக் குடும்பத்திலேயே ஒருவர்.

1972-இல் பிரான்ஸின் பியர்லாட் ஆலையில் ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு யுரேனியத்தில் 235-இன் பங்கு 0.7202 சதவீதத்துக்குப் பதில் 0.7171 என்று வந்தது. ஓக்லோ சுரங்கத்துத் தாதுவைத் தோண்டிப் பார்த்தபோது அங்கிருந்த நியோடிமியத்தில் 142 மிகக் குறைவு. மற்றவை பிளவில் பிறந்த விகிதத்தில். சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குள் இயற்கையே உலை ஓட்டியிருக்கிறது. எத்தனை டன் எரிந்தது என்ற கணக்கையும் இதே வழியில் போட்டார்கள்.

கணினி வந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓக் ரிட்ஜில் பெல் என்பவர் 1973-இல் வெளியிட்ட 'ஆரிஜென்' நிரல், சங்கிலி சங்கிலியாகப் போடாமல் எல்லா ஐசோடோப்புகளையும் ஒரே அணியாக எழுதித் தீர்த்தது. பேட்மனின் சூத்திரத்தில் இரண்டு அரை ஆயுள்கள் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால், அவற்றின் வித்தியாசத்தால் வகுக்கும்போது விடை சிதறிவிடும்; அதைச் சமாளிக்கவும் வழி தேடினார்கள். ஒரு நொடிக்குள் சாகும் அணுவும் கோடிக்கணக்கான ஆண்டு வாழும் அணுவும் ஒரே அணியில் இருந்தால் கணினி திணறும். 2010-இல் ஃபின்லாந்தின் மரியா பூசாவும் யாக்கோ லெப்பானனும் அதற்கு ஓர் அழகான தோராய முறை காட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐசோடோப்புகள் இப்போது நொடியில் தீர்கின்றன. தீராத தலைவலி ஒன்று உண்டு: நியூட்ரான் ஓட்டம் எரிபொருளில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது, என்ன இருக்கிறது என்பது நியூட்ரான் ஓட்டத்தைப் பொறுத்தது. கொஞ்சம் எரித்து, நின்று, திருத்தி, மறுபடி கொஞ்சம் எரித்து என்றுதான் போக வேண்டும்.

கல்பாக்கத்துக்கு இதில் தனி இடம் உண்டு. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேக ஈனுலைச் சோதனை உலை பிரான்ஸின் ராப்சோடி உலையைப் பார்த்து வடிவமைத்தது. 1974-இல் இந்தியா நடத்திய பொக்ரான் அணுவெடிப்புக்குப் பின், எதிர்பார்த்த செறிவூட்டிய யுரேனியம் பிரான்ஸிலிருந்து வரவில்லை. கையிலிருந்த புளுட்டோனியத்தை வைத்து 70 பங்கு புளுட்டோனியம் கார்பைடு, 30 பங்கு யுரேனியம் கார்பைடு என்ற கலவைக்குப் போனார்கள். உலகில் எந்த உலையையும் அப்படியொரு எரிபொருளை மட்டும் வைத்து ஓட்டியதில்லை. பார்த்துக்கொள்ள முன்மாதிரி கிடையாது. 1985 அக்டோபர் 18 அன்று உலை தொடர்வினைக்கு வந்தபோது, டன்னுக்கு 25,000 மெகாவாட்-நாளுக்கு மேல் போகக் கூடாது என்று பயந்து வரம்பு வைத்தார்கள்.

ஹான்ஃபோர்டை முடக்கிய செனான் இங்கே நியூட்ரான் திருடனே இல்லை. அதன் பெரும்பசி வேகம் தணிந்த நியூட்ரானிடம்தான். கல்பாக்கம் உலையில் நியூட்ரான்கள் வேகம் குறையாமலே ஓடுகின்றன. ஆனால் செனான் வேறு முகத்தோடு வந்தது. நூறு பிளவுக்கு இருபத்தைந்து முப்பது செனான், கிரிப்டான் அணுக்கள் பிறக்கும். ஆக்சைடு எரிபொருள் கணிசமான வாயுவை வெளியே விட்டுவிடும். கார்பைடு அதைப் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டு வீங்கும். வீங்கினால் எஃகு உறையைத் தள்ளும். ஆகவே ஒவ்வொரு படியிலும் ஒரு தொகுதியை வெளியே எடுத்து, ஹாட் செல்லில் அறுத்து, எரிபொருளுக்கும் உறைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சம், வாயு எவ்வளவு, உறை எவ்வளவு அகன்றது என்று பார்த்தார்கள். தாங்குகிறது என்று தெரிந்த பிறகே வரம்பு 50,000 ஆனது, அப்புறம் ஒரு லட்சம், அப்புறம் ஒன்றரை லட்சத்துக்கு மேல். உச்சமாக 1,65,000 வரை போனது. நூறு கன அணுவில் பதினேழு பிளந்திருக்கிறது. அதற்குமேல் தொகுதியைச் சுற்றியிருந்த அறுகோண எஃகு உறைதான் வேக நியூட்ரான்கள் பட்டுப் பட்டு உப்பி, எல்லை கட்டியது.

அந்தப் பின்களில் சிலவற்றை அதே வளாகத்தில் 'கோரல்' என்ற சிறு மறுசுழற்சிக் கூடத்தில் கரைத்து, புளுட்டோனியத்தைப் பிரித்தெடுத்து, புதுப் பின்னாக்கி மறுபடி அதே உலையில் வைத்தார்கள். அப்படிப்பட்ட பின்னுக்குக் கணக்குப் போடுபவர் பழைய கலவையின் எண்களை அப்படியே எடுத்து எழுத முடியாது. முதல் சுற்றில் 239 எரிந்து அதன் பங்கு குறைந்திருக்கும், 240 கூடியிருக்கும். 14 ஆண்டு அரை ஆயுள் கொண்ட 241, பிரித்தெடுத்த நாளிலிருந்தே அமெரிசியமாக மாறிக்கொண்டிருக்கும். உலைக்குள் பின் நுழையும் தேதி தள்ளிப்போனால் ஆரம்ப எண்களும் மாறும்.